யூனோஸ் ரோட்ஸ்டர் வாங்கும் முன்: அறிகுறி வாரியாக ஒரு பரிசோதனை

பிரிட்டனில் கைக்கு எட்டும் விலையில் ஜப்பானிய இறக்குமதி ஸ்போர்ட்ஸ் கார் தேடுகிறவர் கடைசியில் வந்து நிற்கும் வண்டி பெரும்பாலும் யூனோஸ் ரோட்ஸ்டர்தான். மஸ்தா 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் காட்டிய எம்எக்ஸ்-5 வண்டியை ஜப்பானில் இந்தப் பெயரில் விற்றார்கள். ஜப்பானும் பிரிட்டனும் இடப்பக்கம் ஓட்டும் நாடுகள். ஸ்டீயரிங் வலப்பக்கமே இருப்பதால், கப்பலில் வந்திறங்கிய வண்டிக்கு அதிகம் மாற்ற வேண்டியிருக்காது. இங்கே சொல்வதெல்லாம் 1997 வரை வந்த முதல் தலைமுறைக்கு, அதாவது விளக்குகள் எழுந்து மூடும் மாடலுக்கு மட்டும்.

இந்த வண்டிகளைத் தொடர்ந்து பழுது பார்த்ததில் எனக்குப் பட்டது இதுதான்: வாங்க வருபவர்கள் சத்தத்துக்குப் பயப்படுகிறார்கள். சத்தமே போடாத துருவைப் பார்க்காமல் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள். ஆகவே துருவை முதலில் வைத்திருக்கிறேன். எஞ்சின் அதற்குப் பிறகு.

போகும்போது டார்ச், துணி சுற்றிய சிறு காந்தம், ஒரு பாட்டில் தண்ணீர், தரையில் போட்டுப் படுக்க ஓர் அட்டை ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் விற்பவர் ஏமாற்றுகிறார் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. ஆனால் குளிர்ந்த எஞ்சின் சொல்லியிருக்கக்கூடிய பாதி விஷயம் போய்விட்டது. இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

அறிகுறி: தரைவிரிப்பு ஈரமாக இருக்கிறது, அல்லது உள்ளே பூஞ்சை வாடை அடிக்கிறது

எந்த இடம் ஈரம் என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது.

*முன்னால், கால் வைக்கும் இடத்தில் ஈரம்*

முதலில் கதவுக் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பரைப் பாருங்கள். இந்த வண்டியில் கண்ணாடியின் மேல் முனை ரப்பரில் சரியாக அமராமல் மழைநீர் வழிவது சகஜம். கண்ணாடியின் சாய்வைத் திருகித் திருத்தினால் பல நேரம் நின்றுவிடும். அடுத்து, காற்றுத் தடுப்புக் கண்ணாடிக்குக் கீழே உள்ள குழியில் இலை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். விரலில் தொட்டால் பிசுபிசுப்பும் இனிப்பு வாடையும் இருந்தால் அது மழைநீர் அல்ல, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட். ஹீட்டரின் உட்பகுதி ஒழுகுகிறது என்று பொருள். அந்தப் பாகம் விலை அதிகமில்லை. அதை எடுக்க டேஷ்போர்டைக் கழற்றும் கூலிதான் அதிகம்.

*இருக்கைக்குப் பின்னால் ஈரம்*

இங்கேதான் நிதானிக்க வேண்டும். துணிக்கூரையின் பின்விளிம்பை ஒட்டி ஒரு மழைநீர்க் கால்வாய் ஓடுகிறது. அதில் விழும் நீர் இருபுறமும் உள்ள துளைகள் வழியாக இறங்கிப் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் கீழே சொட்ட வேண்டும். இலைத் தூளும் சேறும் அந்தத் துளையை அடைத்தால் தண்ணீர் போக்கிடம் இல்லாமல் உள்ளே வழியும். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற இரும்புச் சட்டத்துக்குள்ளும் இறங்கும். இங்கே அந்தச் சட்டத்தை ‘சில்’ என்பார்கள். அது உள்ளிருந்து வெளியே அரிக்கும். வெளியில் பெயின்ட் கொப்பளிக்கும்போது உள்தகடு ஏற்கெனவே போயிருக்கும்.

சோதனை எளிது. கூரையைப் பாதி மடித்து, மூலையில் உள்ள துளையைக் கண்டுபிடித்து, பாட்டில் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். கீழே உடனே ஒழுகினால் வழி திறந்திருக்கிறது. தேங்கி நின்றாலோ மிகத் தாமதமாகச் சொட்டினாலோ அடைப்பு. வளையும் பிளாஸ்டிக் நரம்பை விட்டு அடைப்பைத் தள்ளலாம். கம்பியால் குத்தினால் உள்ளே இருக்கும் ரப்பர் குழாய் கிழிந்துவிடும்; பிறகு தண்ணீர் நேராகச் சில்லுக்குத்தான் போகும். விற்பவர் கம்பியை எடுத்து வந்தால் தடுத்துவிடுங்கள்.

அடைப்பு இருந்தால் அதோடு விட்டுவிடாமல் கீழே சொல்லும் துருச் சோதனைக்குப் போங்கள். எத்தனை மழைக்காலமாக அடைத்திருந்தது என்று யாருக்குத் தெரியும்?

அறிகுறி: பின்சக்கரத்துக்கு முன்னால், கதவின் கீழ்ப்பகுதியில் கொப்பளம், அல்லது புதுக் கறுப்புப் பூச்சு

எளிதான காரணம் கல்லடி. பெயின்ட் பெயர்ந்து மேலோட்டமாகத் துரு பிடித்திருக்கும். நகத்தால் அழுத்தினால் தகடு விறைப்பாக இருக்கும். தேய்த்துப் பூசினால் முடிந்தது.

அடுத்தது முன்சக்கரத்துக்குப் பின்னால் மட்கார்டின் கீழ்மூலை. அங்கே சேறு தங்கி அரிப்பது வழக்கம். ஆனால் முன் மட்கார்டு போல்ட்டில் நிற்பது. கழற்றி வேறு மாட்டிக்கொள்ளலாம். பேரம் பேச நல்ல இடம், பயப்பட வேண்டிய இடம் அல்ல.

செலவு பிடிப்பது சில்லின் பின்முனையும் பின்சக்கர வளைவும். இரண்டும் உடலோடு வெல்டு செய்யப்பட்டவை. சில்லின் உள்ளே ஒன்றுக்கு மேற்பட்ட தகடுகள் உண்டு. சோதிக்கும் விதம் இது:

கதவுக்குப் பின்னால், சக்கரத்துக்கு முன்னால் உள்ள ஓர் அடி நீளத்தில் கட்டைவிரலால் பலமாக அழுத்தி வாருங்கள். பிறகு காந்தத்தை வைத்து மெல்ல நகர்த்துங்கள். நல்ல தகட்டில் கையை விட்டாலும் நிற்கும். பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) போட்டு மெழுகிய இடத்தில் பிடிப்பு தளர்ந்து, வழுக்கி, கையிலேயே விழுந்துவிடும். கதவை ஒட்டிய பகுதியில் இறுகப் பிடித்த காந்தம் சக்கரத்தை நெருங்க நெருங்க நழுவினால், அங்கே இரும்பு எங்கே முடிந்து பட்டி எங்கே தொடங்குகிறது என்று விரலாலேயே கோடு போட்டுக் காட்டலாம். பிறகு அட்டையில் படுத்து, சில்லின் அடிவிளிம்பில் இரண்டு தகடுகள் சேரும் மடிப்பைப் பாருங்கள். அது நேர்க்கோடாக, ஒரே கனத்தில் இருக்க வேண்டும். அலை அலையாகவோ, மடிப்பே தெரியாமல் கறுப்புப் பூச்சில் மூழ்கியோ இருந்தால் சந்தேகப்படுங்கள். வண்டியின் அடிப்பகுதி முழுக்கப் பழுப்பேறிக் கிடக்க, சில் மட்டும் புதுக் கறுப்பில் பளபளத்தால் சந்தேகத்துக்கே இடமில்லை.

வெளியே பிளாஸ்டிக் பக்கப்பாவாடை மாட்டியிருந்தால் அதன் விளிம்பைச் சற்று விலக்கி டார்ச் அடித்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். அனுமதி கிடைக்கவில்லையென்றால் சில் கெட்டிருக்கிறது என்ற கணக்கிலேயே விலை பேசுங்கள்.

“ஜப்பானிலிருந்து வந்த வண்டி, அங்கே சாலையில் உப்புப் போடமாட்டார்கள், துருவே இருக்காது” என்ற வசனத்தை இந்த இடத்தில் கண்டிப்பாகக் கேட்பீர்கள். ஹொக்கைடோ போன்ற பனிப் பகுதிகளில் உப்புப் போடுகிறார்கள். அதைவிட முக்கியமான விஷயம், 1990களின் பிற்பகுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் வந்த வண்டிகள் ஜப்பானில் ஓடியதைவிட நெடுங்காலம் பிரிட்டனில் ஓடிவிட்டன என்பதுதான். இங்குள்ள குளிர்காலச் சாலை உப்பை அவை வேண்டிய மட்டும் தின்றிருக்கின்றன. அண்மையில் வந்திறங்கிய வண்டிக்கு மட்டுமே அந்த வசனம் ஓரளவு பொருந்தும். அதற்கும் அடிப்பூச்சு அடிக்கச் சொல்லி உடனே பணம் ஒதுக்குங்கள்.

*எப்போது ஆளைக் கூப்பிடுவது?* கட்டைவிரலுக்குத் தகடு நெகிழ்ந்தாலோ காந்தம் நழுவினாலோ உங்கள் சோதனை அதோடு முடிந்தது. வெல்டரிடம் காட்டி விலை எழுதி வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். எம்.ஓ.டி. ஆண்டுச் சோதனையில் சீட் பெல்ட், சஸ்பென்ஷன் பிடிமானங்களிலிருந்து 30 செ.மீ. தூரத்துக்குள் தகடு பலமிழக்கும் அளவுக்கு அரித்திருந்தால் வண்டி தோற்கும். சில்லின் பின்முனை அந்த எல்லைக்குள் வரும். இருபுறமும் முறையாக வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்து, பெயின்ட் வரை முடிக்க ஆயிரம் பவுண்டைத் தாண்டுவது சாதாரணம். வெல்டர் தகட்டைத் திறந்த பிறகு விலை இறங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அறிகுறி: டிக்கிக்குள் வெள்ளைப் பொடி, அல்லது பேட்டரி அடிக்கடி இறங்குகிறது

இந்த வண்டியில் பேட்டரி டிக்கிக்குள் இருக்கிறது. மஸ்தா வைத்தது வாயுவைக் குழாய் வழியாக வெளியே விடும் மூடிய வகை. மலிவு பார்த்து யாராவது சாதாரண பேட்டரியைக் குழாய் இல்லாமல் வைத்திருந்தால் அமில ஆவி டிக்கியின் தரையைத் தின்னும். விரிப்பைத் தூக்கி, பேட்டரித் தட்டின் கீழே பாருங்கள். பெயின்ட் மட்டும் உரிந்திருந்தால் சமையல் சோடா கரைத்த நீரில் கழுவி, தேய்த்துப் பூசிக்கொள்ளலாம். தகட்டில் ஓட்டை விழுந்திருந்தால் வெல்டரின் பட்டியலில் இன்னொரு வரி. பேட்டரி அடிக்கடி இறங்குவதற்கு, பின்னால் பொருத்திய அலாரம், ரேடியோ வயரிங் ஆகியவற்றை முதலில் சந்தேகிக்கலாம்; ஆல்டர்னேட்டர் கடைசியில்.

அறிகுறி: குளிர்ந்த எஞ்சினில் டிக் டிக் என்று வேகமான சத்தம்

வாங்க வந்தவர்கள் அதிகம் பேர் பின்வாங்குவது இந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான். பெரும்பாலும் அது டேப்பட், அதாவது வால்வுகளைத் தள்ளித் திறக்கும் சிறு பாகம், போடும் சத்தம். இந்த எஞ்சினில் ஹைட்ராலிக் டேப்பட்கள். எண்ணெய் அழுத்தத்தில் நிரம்ப வேண்டியவை. நாள்கணக்கில் நின்ற வண்டியில் அவை காலியாகிச் சற்று நேரம் அடிக்கும்.

டிப்ஸ்டிக்கை எடுத்து எண்ணெய் அளவு, நிறம் பாருங்கள். பிறகு எஞ்சின் நன்றாகச் சூடேறும் வரை ஓட்டி வாருங்கள். சத்தம் அடங்கினால் விட்டுவிடலாம். அடங்காவிட்டால் நல்ல எண்ணெய், நல்ல வடிகட்டி மாற்றிச் சில வாரம் ஓட்டினால் பல வண்டிகள் சரியாகிவிடும். அதற்கும் மசியாதவற்றுக்கு டேப்பட் மாற்ற வேண்டும். அரைநாள் வேலை, பெரிய செலவில்லை. அந்தச் சத்தத்தைச் சொல்லியே விலையைக் குறைப்பதில் தவறும் இல்லை.

ஆனால் சத்தம் மேலிருந்து வராமல் அடியிலிருந்து வந்தால், டிக் டிக் என்று இல்லாமல் டொக் டொக் என்று கனமாக இருந்தால், ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது ஏறினால், அது எஞ்சினுக்குள் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங். அங்கே மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டவும் தேவையில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

அறிகுறி: எஞ்சின் ஓடுகிறது, இழுவை இல்லை

*மிதித்தால் வெட்டி வெட்டிப் போகிறது*

1.6 லிட்டர் எஞ்சினில் முதல் சந்தேகம் பிளக் வயர்கள்மீதுதான். பிளக்குகள் நன்றாக இருந்தாலும் வயர் பழசானால் பாரம் ஏறும்போது மின்பொறி கசிந்துவிடும். வயரைப் பிளக்கிலிருந்து உருவிப் பாருங்கள். உறையின் உள்ளே வெள்ளைக் கோடோ கரிக்கோடோ இருந்தால் அதுதான். பிளக் குழிக்குள் எண்ணெய் தேங்கியிருந்தால் மேல் மூடியின் கேஸ்கெட்டையும் சேர்த்து மாற்றுங்கள். வயரும் பிளக்கும் மாற்றியும் தீராவிட்டால் காற்று வடிகட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையே உள்ள மடிப்பு ரப்பர் குழாயை விரித்துப் பாருங்கள். மடிப்பின் உள்ளே கீறல் ஒளிந்திருக்கும். பிளக்குகளுக்கு மின்பொறி தரும் காயில் பேக்கைச் சந்தேகிப்பது இவற்றுக்குப் பிறகுதான்.

*வெட்டவில்லை, ஆனால் எப்போதும் சோம்பலாக இருக்கிறது*

1991 முற்பகுதி வரை வந்த 1.6 வண்டியாக இருந்தால் இதைக் கவனமாகப் படியுங்கள். அந்தக் காலத்து எஞ்சின்களில் கிராங்கின், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டின், முன்மூக்கு குட்டையானது. வால்வுகளைக் கிராங்கோடு ஒத்திசைத்து இயக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றும்போது கிராங்க் புல்லியின் போல்ட்டை யாராவது சரியாக முறுக்காமல் விட்டால், சாவித்துண்டும் அது உட்காரும் பள்ளமும் தேய்ந்து, புல்லி ஆடத் தொடங்கும். எஞ்சினின் டைமிங் சிறிது சிறிதாகப் பிசகி இழுவை குறையும்.

ரேடியேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே டார்ச் அடித்து, கீழே உள்ள புல்லியின் நடுப்பகுதியில் வெட்டுகளை எண்ணுங்கள். நான்கு வெட்டு என்றால் குட்டை மூக்கு; எட்டு என்றால் பிற்காலத்து நீள மூக்கு. நான்கு என்பதாலேயே வண்டியை ஒதுக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட வண்டிகள் பல ஒழுங்காக ஓடுகின்றன. எஞ்சினை ஓடவிட்டு, புல்லி தள்ளாடுகிறதா என்று பக்கவாட்டிலிருந்து பாருங்கள். வெளிவளையம் மட்டும் ஆடினால் உள்ளே இருக்கும் ரப்பர் போயிருக்கலாம்; புல்லி மாற்றினால் போதும். நடு போல்ட்டோடு சேர்ந்து ஆடினால் கிராங்கே அடிபட்டிருக்கிறது. தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் புதுச் சாவியும் இறுக்கும் பசையும் வைத்து உட்காரவைக்கும் வைத்தியம் உண்டு. முற்றிவிட்டால் கிராங்க் மாற்றுவதைவிட, பிற்காலத்து எஞ்சின் ஒன்றை வாங்கி மாட்டுவது மலிவாக முடியும். இந்த முடிவை இந்த வண்டிகளை அறிந்த மெக்கானிக் எடுக்கட்டும்.

அறிகுறி: நிற்கும்போது எஞ்சின் வேகம் ஏறி இறங்குகிறது

எல்லோரும் கம்ப்யூட்டரைத் திட்டுவார்கள். முதலில் எஞ்சின் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து கூலன்ட் அளவைப் பாருங்கள். நிற்கும்போது காற்றை அளந்துவிடும் வால்வில் கூலன்டின் சூட்டுக்கு ஏற்ப வேலை செய்யும் பகுதி ஒன்று உண்டு. கூலன்ட் குறைந்தாலோ காற்றுப் புகுந்தாலோ அது குழம்பிவிடும். நிரப்பி, காற்றை வெளியேற்றினாலே தீர்ந்த வண்டிகள் பல. அடுத்தது வேக்யூம் குழாய்க் கீறல், பிறகு வால்வில் கரிப் படிவு.

அறிகுறி: எஞ்சினின் பின்புறத்திலிருந்து எண்ணெய் வடிகிறது

கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் எண்ணெய் சொட்டுவதைப் பார்த்ததும், “கிராங்க் பின்சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும்” என்று சொல்லும் பட்டறைகள் உண்டு. அதை நம்புவதற்கு முன் மேலே பாருங்கள். எஞ்சின் தலையின் பின்முனையில், வால்வுகளை இயக்கும் தண்டின் நிலையை அறியும் கேம் கோண சென்சார் இருக்கிறது. அதன் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் காலப்போக்கில் கல்லாக இறுகும். அங்கிருந்து கசியும் எண்ணெய் பின்பக்கமாக வழிந்து, அச்சு அசலாகப் பின்சீல் கசிவுபோலவே காட்சி தரும். சென்சாரின் கீழே விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். ஈரமாக இருந்தால் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் ஓ-ரிங்தான் மருந்து. மாற்றும்போது சென்சார் இருந்த நிலையைக் கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கோணம் மாறினால் டைமிங் மாறும். மேலே காய்ந்திருந்து கீழே மட்டும் ஈரமானால்தான் பின்சீல்.

அறிகுறி: சூடாகிறது, அல்லது சூடாகும்போல் தோன்றுகிறது

டேஷ்போர்டில் உள்ள சூட்டுமானியை அதிகம் நம்பாதீர்கள். ஊசி நடுவில் சோம்பேறியாக நிற்கும். அது நகரும்போது விஷயம் முற்றியிருக்கும். பானட்டைத் திறந்ததும் ரேடியேட்டரின் மேல்தொட்டியைப் பாருங்கள். கறுப்பாக இருந்த பிளாஸ்டிக் பச்சையும் பழுப்புமாக மாறியிருந்தால் அதன் காலம் முடிந்தது. அலுமினியத்தோடு சேரும் விளிம்பில் எந்த நாளும் வெடிக்கும். புது ரேடியேட்டர் வாங்கும் கணக்கில் விலை பேசுங்கள். தெர்மோஸ்டாட்டும் குழாய்களும் அதோடு சேர்ந்து போகட்டும். வாட்டர் பம்ப் கசிந்தால் டைமிங் பெல்ட்டோடு மாற்றுவது வழக்கம்.

எண்ணெய் மூடியின் அடியில் கொஞ்சம் வெண்ணெய் போன்ற படிவு இருந்தால் குளிர்காலத்துச் சிறுதூரப் பயணம் காரணமாக இருக்கலாம். டிப்ஸ்டிக்கிலும் அதே பால்நிறம் இருந்தாலோ, கூலன்ட் ஊற்றியும் குறைந்துகொண்டே வந்தாலோ, எஞ்சின் தலைக்கும் உடலுக்கும் நடுவே உள்ள ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. அழுத்தச் சோதனை செய்யத் தெரிந்த பட்டறைக்குக் கொண்டுபோகாமல் அந்த வண்டியை வாங்காதீர்கள்.

அறிகுறி: கியர் விழ மறுக்கிறது, உரசுகிறது

கிளட்ச் பெடல் தரைவரை போய், எல்லா கியரும் உரசினால், பெடலின் அழுத்தத்தைத் திரவத்தின் வழியே வாங்கிக் கிளட்சை இயக்கும் ஸ்லேவ் சிலிண்டரைப் பாருங்கள். கியர்பாக்ஸின் பக்கத்தில் கீழே இருக்கிறது. ரப்பர் உறையை விலக்கும்போது திரவம் வழிந்தால் அதுதான். இந்த வண்டிகளில் இது தேய்ந்து மாற்றும் பாகம் போலவே ஆகிவிட்டது. விலை சில பத்து பவுண்டுதான். அதற்காகக் கிளட்சையே மாற்ற ஒப்புக்கொள்ள வேண்டாம். மாற்றிய சில வாரத்தில் மேலே பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டர் கசியத் தொடங்கினால் வியக்காதீர்கள், இரண்டும் ஒரே வயது.

குளிரில் இரண்டாம் கியர் மட்டும் முரண்டு பிடித்து, சூடேறியதும் சரியானால் கியர் ஆயில் மாற்றிப் பாருங்கள். சூடேறிய பிறகும் உரசினால் கியர்பாக்ஸ் உள்ளே தேய்ந்திருக்கிறது. கியர் லீவரைச் சுற்றி வெப்பக் காற்றும் இரைச்சலும் வந்தால் கீழ் ரப்பர் உறை கிழிந்திருக்கும்; அது சின்ன வேலை.

அறிகுறி: ஸ்டீயரிங் நடுங்குகிறது, ஹேண்ட்பிரேக் பிடிக்கவில்லை

மணிக்கு 60 மைலை ஒட்டிய வேகத்தில் மட்டும் நடுங்கினால் சக்கர பேலன்ஸ். இந்த வண்டி அதில் மிகவும் நுட்பமானது. கவனமாகச் செய்யும் டயர் கடை தேவை. எல்லா வேகத்திலும் ஒரு பக்கம் இழுத்தால் அலைன்மென்ட், அதற்கும் அடங்காவிட்டால் பழைய விபத்து. பானட்டின் உள்ளே சேசிஸ் கம்பங்களில் நெளிவு, புது வெல்டிங் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நிபுணரின் அளவீடு இல்லாமல் நகராதீர்கள்.

ஹேண்ட்பிரேக் தளர்ந்திருந்தால், பின்சக்கரத்தின் பிரேக்கை இறுக்கும் காலிப்பரின் பின்னால் ஒரு போல்ட் மூடிக்கு உள்ளே சரிசெய்யும் திருகு இருக்கிறது. அதற்கும் பிடிக்காவிட்டால் காலிப்பர் இறுகியிருக்கும்.

அறிகுறி: ஒரு கண் மட்டும் திறக்கிறது

முன்விளக்குகளில் ஒன்று எழாமல் படுத்தே கிடந்தால் எல்லோரும் சிரிப்பார்கள், விற்பவரைத் தவிர. விளக்கு மோட்டாரின் தலையில் ரப்பர் மூடிக்குக் கீழே ஒரு திருகுக் குமிழ் உண்டு. கையால் சுற்றினால் விளக்கு எழும். சுற்றும்போது இலகுவாக இருந்தால் ஃபியூஸ், ரிலே, வயரைப் பாருங்கள். மோட்டார் கடைசிச் சந்தேகம். கையாலும் சுற்ற முடியாமல் இறுகியிருந்தால் மூட்டுகளில் கிரீஸ் காய்ந்திருக்கிறது.

அறிகுறி: ஓடிய தூரமும் வண்டியின் தேய்மானமும் ஒத்துப்போகவில்லை

ஜப்பான் வண்டியின் ஸ்பீடோமீட்டர் 180 கி.மீ. வரை காட்டும். இங்கே வந்ததும் மைல் எண் அச்சிட்ட முகத்தகட்டை மட்டும் ஒட்டினார்களா, கணக்கையே மாற்றும் கருவி வைத்தார்களா என்பதைப் பொறுத்து ஓடோமீட்டரில் இருப்பது கிலோமீட்டரா, மைலா, முன்பாதி அது பின்பாதி இதுவா என்று மாறும். 1,00,000 கி.மீ. என்பது சுமார் 62,000 மைல். முடிவு சொல்ல எம்.ஓ.டி. வரலாறு இருக்கிறது. அரசு இணையதளத்தில் பதிவு எண்ணைக் கொடுத்தால் 2005 முதலான சோதனைகளும் அப்போது பதிந்த தூரமும் இலவசமாகக் கிடைக்கும். அலகு மாறிய ஆண்டு அதில் பளிச்சென்று தெரியும். அதே பக்கத்தில் துரு பற்றிய எச்சரிக்கைக் குறிப்புகளையும் பாருங்கள். சில் அரிக்கிறது என்று ஆண்டுதோறும் எழுதிவந்த குறிப்பு ஓர் ஆண்டு திடீரென்று மறைந்தால் வெல்டிங் ரசீதைக் கேளுங்கள்.

எஞ்சின் அறைக்குள் ஜப்பானிய எழுத்தில் ஒரு சிறு ஸ்டிக்கர் இருந்தால் அது பெரும்பாலும் டைமிங் பெல்ட் மாற்றிய குறிப்பு. ஆண்டு 8 என்று எழுதியிருப்பதைப் பார்த்து 2008 என்று மகிழ வேண்டாம். அது பேரரசரின் ஹெய்செய் ஆண்டு; 1988ஐக் கூட்டினால் 1996 வரும். ஜப்பானில் பெல்ட்டின் கெடு 1,00,000 கி.மீ. ஆகவே அதற்குப் பிறகு இங்கே ஒருமுறையாவது மாற்றியதற்கு ரசீது வேண்டும். இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் வால்வுகள் பிஸ்டனில் மோதாது. சாலையோரம் நிற்பீர்கள், எஞ்சின் பிழைக்கும். ரசீது இல்லாததற்காக வண்டியை இழக்காதீர்கள்; மாற்றும் செலவைக் கழித்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: காகிதத்தில் ஏதோ இடிக்கிறது

சேசிஸ் எண் 17 இலக்கத்தில் இல்லையே என்று கலங்க வேண்டாம். ஜப்பான் வண்டியின் எண் குட்டையானது: 1.6க்கு என்ஏ6சிஇ என்றும், 1.8க்கு என்ஏ8சி என்றும் தொடங்கி ஒரு வரிசை எண் வரும். அது எஞ்சின் அறையின் பின்சுவரில் குத்தப்பட்டிருக்கும். வி5சி பதிவுச் சான்றில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பாருங்கள். ஒத்துவராவிட்டால் விளக்கம் கேட்டு நிற்காமல் கிளம்பிவிடுங்கள்.

அண்மையில் வந்த வண்டி என்றால் ஏலத் தாளை, அதாவது ஜப்பானில் ஏலம் விட்டபோது வண்டியின் நிலையைக் குறித்த தாளை, கேளுங்கள். மதிப்பெண் இருக்க வேண்டிய இடத்தில் ஆர் என்ற எழுத்து இருந்தால் விபத்தில் பழுது பார்த்தது. படத்தில் எஸ், சி குறிகள் துருவையும் அரிப்பையும், டபிள்யூ சரிசெய்த தகட்டையும் காட்டும். குறிக்குப் பக்கத்து எண் கூடினால் சேதமும் கூடும்.

பின்னால் பனிமூட்ட விளக்கு நடுவிலோ வலப்புறமோ எரிகிறதா என்று பாருங்கள். ஜப்பானில் அது கட்டாயமில்லை. இங்கே சேர்த்தவர்கள் வயரை எப்படி ஒட்டவைத்தார்கள் என்பது டிக்கி உறைக்குள் தெரியும். காப்பீட்டுக்கு விலை கேட்கும்போது எம்எக்ஸ்-5 என்று மட்டும் சொல்லாமல் யூனோஸ், இறக்குமதி என்று சொல்லிக் கேளுங்கள். மாற்றிய சக்கரம், சஸ்பென்ஷன், சைலன்சர் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். முன்பணம் கொடுத்த பிறகு இல்லை, அதற்கு முன்பே.